1964 பீஸ் டாலர் விற்பனைக்கு வந்தால்: மேலச்சுக் கற்பனை நாணயங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1964 என்ற ஆண்டும், டென்வர் நாணயச்சாலையின் ‘டி’ குறியும் போட்ட பீஸ் டாலர் என்ற அமெரிக்க வெள்ளி நாணயம் ஒன்று விற்பனைக்கு வந்தால், அது அமெரிக்க அரசு வெளியிட்டதாக இருக்க வழியே இல்லை. அப்படி ஒன்றை அரசு வெளியிடவே இல்லை. ஆனால் அது போலி என்றும் உடனே தள்ளிவிட முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. தனியார் ஒருவர் பழைய அசல் வெள்ளி டாலரை எடுத்து, அதன்மேலேயே வேறு ஆண்டு உள்ள அச்சை வைத்து மறுபடி அடித்தது அது. இப்படி அடிப்பதற்கு மேலச்சு என்று பெயர்; அப்படி வந்த காசைச் சேகரிப்பாளர்கள் கற்பனை நாணயம் என்பார்கள். கொலராடோவின் லவ்லேண்டில் மூன்லைட் மின்ட் என்ற தனியார் நாணயச்சாலை நடத்தும் டேனியல் கார் இதில் பெரிய பெயர். 2001இல் வந்த நியூயார்க், ரோட் ஐலண்ட் மாநிலக் கால் டாலர்களின் வடிவமைப்பும் இவருடையதுதான், ஆகவே கைத்திறன் பற்றிச் சந்தேகம் வேண்டாம்.

முதல் தவறு, கதை தெரியாமல் வாங்குவது. பீஸ் டாலர் 1921 முதல் 1928 வரையும், பிறகு 1934, 1935 ஆண்டுகளிலும் அடிக்கப்பட்டது. அதன்பின் முப்பது வருட இடைவெளி. 1964 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் 4.5 கோடி வெள்ளி டாலர்கள் அடிக்க அனுமதி கொடுத்தது. 1965 மே மாதம் டென்வரில் 3,16,076 நாணயங்கள், 1964 என்ற ஆண்டோடு, அடிக்கப்பட்டும் விட்டன. நாட்டில் சில்லறைத் தட்டுப்பாடு இருக்கும்போது சேகரிப்பாளர்களின் பெட்டிக்குள் போகப்போகும் டாலர் எதற்கு என்று எதிர்ப்புக் கிளம்பியது. உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, அடித்த அத்தனையும் உருக்கப்பட்டன. ஒன்றிரண்டு தப்பியிருக்கும் என்ற பேச்சு மட்டும் இன்றுவரை ஓயவில்லை. நாணயங்களைத் தரம் பிரிக்கும் பிசிஜிஎஸ் நிறுவனம், அசல் ஒன்றைக் கண்ணில் காட்டினாலே 10,000 டாலர் தருவதாக அறிவித்தது. அதற்குப் பிறகும் உறுதியான ஒன்று வெளியே வரவில்லை. கற்பனை டாலருக்கு இருக்கும் கவர்ச்சி முழுவதும் இந்தக் கதையில்தான் இருக்கிறது. கதை தெரிந்தவருக்கு அது ‘இருந்திருந்தால் இப்படி இருந்திருக்கும்’ என்று காட்டும் ஒரு பொருள். தெரியாதவருக்கோ பாட்டனார் விட்டுப்போன புதையல். விற்பவர் ‘அபூர்வம், எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடைத்தது’ என்று மட்டும் எழுதி, யார் அடித்தது என்று சொல்லாமல் விட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது, மேலச்சையும் வெறும் போலியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது. மேலச்சின் அடியில் இருப்பது உண்மையான அரசு நாணயம். ஆகவே அசலின் அளவுகள் அப்படியே இருக்க வேண்டும்: எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், 90 சதவீதம் வெள்ளி. அடியில் இருந்தது தேய்ந்த நாணயம் என்றால் எடை கொஞ்சம் குறையலாம். ஒரு கிராமுக்கு மேல் குறைந்தால் யோசிக்க வேண்டும். மலிவு உலோகத்தில் வார்த்து, மேலே முலாம் பூசி, அதே 1964 ஆண்டோடு விற்கப்படும் சரக்கும் சந்தையில் உண்டு. நகைக்கடைத் தராசு, ஒரு காந்தம், ஒரு வெர்னியர் அளவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், இவை இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். காந்தம் ஒட்டினால் அது வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் வெள்ளிதான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது, பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது.

லென்ஸில் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஆண்டு எண். அடியில் உள்ள நாணயத்திலும் அதே உருவம், அதே எழுத்து என்பதால், அச்சு சரியாகப் பொருந்தி விழுந்தால் பழைய உருவம் புதியதுக்குள் மறைந்துவிடும். ஆண்டு மட்டும் வேறு. அதனால் பழைய எண்ணின் மெல்லிய நிழல் சில காசுகளில் தங்கிவிடும். புதிதாக வாங்குபவர்கள் இதைக் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த நிழல் உள்ள காசுதான் சுவாரசியமானது. மேலச்சு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எது?

இன்னொரு குழப்பம் 2021க்குப் பிறகு வந்தது. அமெரிக்க அரசே பீஸ் டாலரையும், அதற்கு முந்தைய மார்கன் வெள்ளி டாலரையும் அந்த ஆண்டு மறுபடி வெளியிட்டது. அவை 99.9 சதவீத வெள்ளி, அரசு நாணயம், கற்பனை கிடையாது. 2021 என்று பார்த்தவுடன் ‘யாரோ அடித்தது’ என்று ஒதுக்குபவர்களையும், கற்பனை நாணயத்தை ‘அரசின் மறுவெளியீடு’ என்று சொல்லி விற்பவர்களையும் பார்க்கலாம்.

விலை விஷயத்தில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஒரு டாலரில் உள்ள சுத்த வெள்ளி சுமார் 24 கிராம். அன்றைய வெள்ளி விலையோடு பெருக்கினால் கிடைப்பதுதான் அடிமட்ட மதிப்பு. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் வேலைப்பாட்டுக்கும் எண்ணிக்கைக்கும். ‘சில நூறுதான் அடித்தேன்’ என்று தயாரிப்பாளர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவரே நாளை வேறு மெருகில், வேறு குறியோடு இன்னொரு வகையை அடிக்கலாம், தடுக்க யாரும் இல்லை. எண்ணிக்கை குறைவு என்பதைவிட, திரும்ப வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்ப்பது புத்திசாலித்தனம். இந்த வட்டம் சின்னது. முதலீடாக நினைத்தால் வெள்ளிக் கட்டியே வாங்கிக்கொள்ளலாம்.

‘நல்ல பழைய நாணயத்தை நாசம் செய்கிறார்களே’ என்ற கோபம் நியாயமானதுதான், ஆனால் பெரும்பாலும் அவசியமில்லாதது. 1922இல் பிலடெல்பியாவில் மட்டும் 5.17 கோடி பீஸ் டாலர்கள் அடிக்கப்பட்டன. மேலச்சுக்குத் தோதானவை இப்படி ஏராளமாகக் கிடைக்கும், தேய்ந்த, கீறல் விழுந்த காசுகள்தான்.

சட்டத்தையும் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் சேகரிப்புப் பொருள் பாதுகாப்புச் சட்டப்படி, நாணயத்தைப் போலச் செய்த நகலில் ‘காப்பி’ என்ற சொல் பொறித்திருக்க வேண்டும். அசல் நாணயத்தின் மேலேயே அடித்தது நகலா இல்லையா என்று சேகரிப்பாளர்களிடையே வாதம் நீண்டுகொண்டே இருக்கிறது. அந்த வாதம் எப்படிப் போனாலும் சரி, கற்பனை நாணயத்தை அசல் என்று சொல்லி விற்பது மோசடி. அதில் இரண்டு கருத்து இல்லை.

அப்புறம், வீட்டில் வைப்பது. மெருகேற்றுகிறேன் என்று வெள்ளிப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அச்சு கொடுத்த புதுப் பளபளப்பு போய்விடும். மென்மையான பிவிசி உறைகளில் வருடக்கணக்கில் வைத்தால் பச்சைப் பிசுக்குப் படியும். நாணயத்தை உள்ளே வைத்து மூடும் கெட்டியான பிளாஸ்டிக் வில்லைதான் நல்லது. வில்லையோடு ஒரு சீட்டும் இருக்கட்டும்: அடித்தவர் யார், எந்த ஆண்டு அடித்தது, என்ன விலைக்கு வாங்கியது, ‘அரசு வெளியீடு அல்ல’ என்ற ஒரு வரி. நாளைக்குப் பிள்ளைகள் பெட்டியைத் திறக்கும்போது 1964 என்ற எண்ணைப் பார்த்து ஏலக் கம்பெனிக்கு ஓடவும் வேண்டாம், வெறும் வெள்ளி என்று எடை போட்டு உருக்கக் கொடுக்கவும் வேண்டாம்.