குண்டு வீணாவது எங்கே? ஆன்லைன் வான்சண்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்லைன் ஃபிளைட் சிமுலேட்டரில் குறி தப்பினால் பலரும் முதலில் சந்தேகப்படுவது ஜாய்ஸ்டிக்கை, அடுத்து இணைய வேகத்தை. பெரும்பாலும் குற்றவாளி இரண்டுமே இல்லை. ட்ரிகரை அழுத்துவதற்கு முந்தைய சில விநாடிகளில் விமானத்தை ஓட்டிய விதம்தான்.

தூரத்திலிருந்தே சுடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரி மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போனால், விநாடிக்கு ஏறக்குறைய 139 மீட்டர் நகர்கிறான். 300 மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு 0.4 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் அவன் 55 மீட்டர் தாண்டியிருப்பான். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் சண்டை விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் நீளம் சுமார் 9 மீட்டர்தான். ஆக, ஆறு விமான நீளம் முன்னால் குறிவைக்க வேண்டும். வளைவில் அப்படி முன்னால் குறிவைத்தால் (லீட் எடுத்தால்) பல நேரம் எதிரியே உங்கள் மூக்குக்கு அடியில் மறைந்துவிடுவான். 100 மீட்டருக்கு நெருங்கினால் இரண்டு நீளம் போதும், அதைக் கண்ணாலேயே மதிப்பிடலாம். 352 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கில் உள்ள, அதே போரின் ஜெர்மன் விமானி எரிக் ஹார்ட்மன், எதிரி முன்கண்ணாடி முழுக்க நிறையும்வரை பொறுத்திருந்து சுடுவதற்குப் பேர்போனவர்.

இறக்கையில் துப்பாக்கி உள்ள விமானம் என்றால் கன்வெர்ஜென்ஸையும் பாருங்கள். குண்டுகள் ஒன்றுசேரும் தூரம் அது. 1940-இல் பிரிட்டிஷ் விமானிகள் பலர் அதை 250 கெஜத்துக்குக் குறைத்துக்கொண்டார்கள். அதைத் தொலைவில் வைத்துவிட்டு நெருக்கத்தில் சுட்டால், குண்டுகள் எதிரியின் இரு பக்கமும் கடந்து போகும். அமெரிக்காவின் பி-38 போல மூக்கிலேயே துப்பாக்கி இருந்தால் இந்தப் பக்கவாட்டுத் தொல்லை இல்லை.

அதிகம் பேர் கவனிக்காத தவறு, சறுக்கியபடி சுடுவது. வேகம் மாறும்போதெல்லாம் புரொப்பெல்லரின் விளைவால் மூக்கு ஒரு பக்கம் இழுபடும். அதை ரடரால் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை, காலால் இயக்குவது) சரிசெய்யாவிட்டால் மூக்கு ஒரு திசையைப் பார்க்கும், விமானம் சற்று வேறு திசையில் நகரும். குண்டு, மூக்கு பார்க்கும் திசையோடு விமானத்தின் நகர்வையும் சேர்த்துக்கொண்டுதான் போகும். விநாடிக்கு 140 மீட்டரில் பறக்கும்போது வெறும் 3 டிகிரி சறுக்கல் இருந்தாலே, அந்த 0.4 விநாடியில் குண்டு 3 மீட்டர் விலகிவிடும். ஒரு சண்டை விமானத்தின் உடல் அகலமே சுமார் ஒரு மீட்டர்தான்! கடைசி நொடியில் ரடரை உதைத்துக் குறியை எதிரிமேல் இழுத்து வைக்கிறோமே, அது இதே சறுக்கலை நாமே வரவழைப்பது. குறி படிந்தது போலத் தெரியும், குண்டு படாது. கருவிப் பலகையில் சறுக்கல் காட்டும் பந்து நடுவில் நிற்க வேண்டும், அப்புறம்தான் ட்ரிகர்.

நீளமாகச் சுட்டுக்கொண்டே ட்ரேசரை (பாதை தெரிய ஒளிர்ந்துகொண்டு போகும் குண்டு) திருப்பி எதிரிமேல் கொண்டுபோகும் பழக்கமும் வேண்டாம். குண்டுகளுக்கு டிரம் (உருளைப் பெட்டி) பொருத்திய பிரிட்டிஷ் விமானம் ஸ்பிட்ஃபயர் மார்க் 5-இல் ஒரு பீரங்கிக்கு 60 குண்டுகள்தான். சுமார் ஆறு விநாடியில் தீர்ந்துவிடும். ஒரு விநாடி சுடுங்கள், நிறுத்துங்கள், குறியைத் திருத்துங்கள். இயந்திரத் துப்பாக்கியின் ட்ரேசரை நம்பிப் பீரங்கியையும் சுடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: ஜெர்மனியின் எம்கே 108 போன்ற வேகம் குறைந்த பீரங்கியின் குண்டு வெகு சீக்கிரம் தாழும், இரண்டும் ஒரே இடத்தில் விழாது.

கடைசியாக, ஸ்கோர் பக்கத்தில் வரும் ஹிட் சதவீதம். அதைத் திறமையின் அளவுகோலாக எடுத்துக்கொள்வது என் பார்வையில் தவறு. நேராகப் பறக்கும் விமானத்தின் வாலில் ஒட்டி மட்டுமே சுடுகிறவருக்கு அது உயர்ந்துதான் இருக்கும். குறுக்கே பாய்கிறவனை அரை விநாடி வாய்ப்பில் அடிக்க முயல்கிறவருக்குக் குறையும், ஆனால் அவர்தான் கூட்டாளியைக் காப்பாற்றியிருப்பார். சதவீதத்தைவிட ரீப்ளேயைப் பாருங்கள்: சுட்ட நொடியில் தூரம் எவ்வளவு, பந்து எங்கே, ஸ்டிக்கை எவ்வளவு இழுத்துக்கொண்டிருந்தீர்கள் என்று. அடுத்த சண்டைக்கு முன் அந்த மூன்றில் ஒன்றை மட்டும் ஆஃப்லைனில் திருத்திப் பழகினால் போதும்.