மனு எழுதும் முன் தோட்டண்டியைப் பாருங்கள்

மார்த்தாண்டம் பக்கம் புதிதாக அண்டி ஆபீஸ் (முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை) தொடங்கிய இரண்டு தம்பிகள் போன வாரம் ஒரு மனுவைக் காட்டினார்கள். டெல்லிக்கு அனுப்ப வேண்டுமாம். ‘வெளிநாட்டு அண்டிப்பருப்புக்கு வரியைக் கூட்டுங்கள்’, அவ்வளவுதான் அதில் இருந்தது. பத்து வருடம் முன்பு நான் எழுதியதும் இதேதான். எழுத்துப்பிழையை யாராவது திருத்திவிடுவார்கள். கீழே உள்ளவற்றை யாரும் திருத்துவதில்லை.

விற்கும் பொருளின் வரியை மட்டும் பார்ப்பது

நம் ஆலைகள் உடைக்கும் கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருவது. ஓடு உடைக்காத அந்தக் கொட்டைதான் தோட்டண்டி. அதற்கு அதுவரை இல்லாத அடிப்படைச் சுங்கவரியை 2016 பட்ஜெட்டில் 5% போட்டார்கள். ஐந்துதானே என்று விட்டுவிட்டேன். என் கவனமெல்லாம் பருப்பு வரியில்.

புரிவதற்காக ஒரு கணக்கு. ஒரு கிலோ பருப்பு ₹600, அதற்கு வேண்டிய தோட்டண்டி ₹500 என்று வையுங்கள். மிச்சம் ₹100. கூலி, கரண்ட், வட்டி, லாபம் எல்லாம் அதற்குள்தான். தோட்டண்டிக்கு 5% என்றால் ₹25. நூறில் கால்பங்கு போயிற்று. இங்கே பருப்புக்கு எவ்வளவு வரி போட்டாலும் ஐரோப்பாவுக்கு விற்கிறவருக்கு ஒரு பைசா கூடக் கிடைக்காது. அங்கே உலக விலைதான். ஏற்றுமதி செய்தால் கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம், சரி. அதுவரை முடங்கிக் கிடப்பது யார் பணம்? பெரிய ஆலை தாங்கும். நான் தாங்கவில்லை. நாலு மாதம் ஆலையைப் பூட்டினேன். தோல் உரிக்க வந்த அக்காமார் வேறு வேலை தேடிப் போனார்கள், பாதிப் பேர் திரும்பவில்லை. அந்த மனுவில் தோட்டண்டி பற்றி ஒரு வாக்கியம் எழுதாமல் போனோமே என்ற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

2018-ல் தோட்டண்டி வரி 2.5% ஆனது. 2019-ல் பருப்பு வரி 45%-லிருந்து 70%-க்கு ஏறியது. உள்நாட்டுச் சந்தைக்கு அது உதவும். ஏற்றுமதியில் வியட்நாம் எப்போதோ நம்மைத் தாண்டிவிட்டது, அதே ஆப்பிரிக்கக் கொட்டையை வாங்கி, இயந்திரத்தில் உடைத்து.

வேலியில் ஓட்டை விடுவது

குலசேகரம் ரப்பர்க்காரர்களிடம் கேளுங்கள். இயற்கை ரப்பருக்கு இறக்குமதி வரி 25% அல்லது கிலோவுக்கு ₹30, எது குறைவோ அது. ரசாயனம் கலந்த காம்பவுண்ட் ரப்பருக்கோ 10% மட்டும் இருந்தது. சரக்கு அந்த வழியாக வந்தது. 2023 பட்ஜெட்டில்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அப்புறமும் ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுகள்) ஒப்பந்தச் சலுகை பாக்கி இருக்கிறது.

கெடு சொல்லாமல் பாதுகாப்பு கேட்பது

தென்கொரியா 1960, 70களில் தன் நிறுவனங்களுக்கு மலிவுக் கடன் கொடுத்தபோது ஏற்றுமதி இலக்கையும் கையில் கொடுத்தது. பிரேசில் 1984-ல் கணினிச் சந்தையை உள்நாட்டு நிறுவனங்களுக்கு ஒதுக்கியது; விலை அதிகம், தரம் பின்தங்கியது, 1990களின் தொடக்கத்தில் கைவிட்டார்கள். எத்தனை வருடம் வேண்டும், அதற்குள் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்.

விளைவிக்கிறவரை மறப்பது

தோட்டண்டி வரியைக் குறைக்காதீர்கள் என்று இங்கே முந்திரி விளைவிக்கிறவரும் மனு போடுவார்.