மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் மூச்சுப் பயிற்சி

மயக்க மருந்தின் தாக்கத்தாலும் வலிக்கு அஞ்சி அசையாமல் படுத்திருப்பதாலும் நுரையீரலின் அடிப்பகுதி முழுமையாக விரியாமல், அங்கே சளி தேங்கி நிமோனியா வரக்கூடும் என்பதால், முழங்காலிலோ இடுப்பிலோ செயற்கை மூட்டு பொருத்தப்பட்டவர்கள் மருத்துவர் அனுமதித்தவுடனேயே இப்பயிற்சியைத் தொடங்குவது நல்லது.

முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்ந்து அமர்ந்து, ஒரு கையை வயிற்றின்மேல் வையுங்கள். அந்தக் கை மேலெழும்படி மூக்கின் வழியாக மெதுவாக மூச்சை இழுத்து, 3 விநாடிகள் நிறுத்தி, உதடுகளைக் குவித்து அதைவிட நிதானமாக வெளியே விடுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு 10 முறை செய்யலாம். தலை சுற்றினால் நிறுத்தி ஓய்வெடுங்கள். முடிவில் இருமுறை ஆழமாக இருமிச் சளியை வெளியேற்றுவது மிக முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள். திடீரென மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால், நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்திருக்கவும் கூடும் என்பதால், சற்றும் தாமதிக்காமல் மருத்துவ உதவியை நாடுங்கள்.