மார்ஃபின் மாத்திரை முன்பு போலக் கேட்கவில்லையா? டோஸில் கைவைக்கும் முன் இதைப் படியுங்கள்

மார்ஃபின், டிரமடால், ஃபென்டனில் மாதிரியான ஓபியாய்டு வலி மருந்துகளைத் தொடர்ந்து எடுக்கும்போது, முதலில் நன்றாகக் கேட்ட அதே டோஸ் போகப்போகக் கேட்காமல் போகலாம். நரம்பு செல்களில் இருக்கும் மியூ ஏற்பிகளில் (மருந்து வந்து ஒட்டும் புரதங்களில்) ஒட்டிக்கொண்டுதான் இவை வலியைக் குறைக்கின்றன. மருந்து விடாமல் வந்துகொண்டே இருந்தால் அந்த ஏற்பிகள் மந்தமாகிவிடும், சிலவற்றைச் செல்லே உள்ளே இழுத்துக்கொள்ளும். உடல் மருந்துக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

உடனே பலர் தாங்களாகவே இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வலி குறைவதற்கு உடல் பழகும் வேகத்தில் மூச்சு மந்தமாவதற்குப் பழகுவதில்லை, அதனால் டோஸ் ஏற ஏற, வலியைக் குறைக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் நடுவில் உள்ள பாதுகாப்பான இடைவெளி சுருங்குகிறது. தவிர, வலி கூடியதற்கு நோய் முற்றியதுகூடக் காரணமாக இருக்கலாம். சிலருக்கு மருந்தே வலியுணர்வைக் கூட்டிவிடுவதும் உண்டு. எது என்று மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

'அடிமையாகிவிட்டேனோ' என்று பயந்து ஒரேயடியாக நிறுத்துவதும் தவறு. உடல் பழகுவது வேறு, மருந்துக்காக மனம் அலைவது வேறு. சட்டென்று நிறுத்தினால் வியர்வை, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வரும். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்: ஏதோ காரணத்தால் சில நாள், சில வாரம் மருந்து நின்றுபோகிறது, அப்புறம் வலி திரும்பியதும் விட்ட இடத்திலிருந்தே, அதாவது பழைய பெரிய டோஸிலேயே, ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் உடலின் பழக்கம் வேகமாகக் கழன்றுவிடும், முன்பு தாங்கிய அதே அளவு இப்போது மூச்சையே நிறுத்திவிடலாம். ஒரு ஓபியாய்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் இதே சிக்கல்தான், ஒன்றுக்குப் பழகிய உடல் மற்றொன்றுக்கு முழுசாகப் பழகியிருக்காது. அதனால்தான் மருத்துவர்கள் கணக்குப்படி வரும் அளவைவிடக் குறைத்தே தொடங்குவார்கள். 'போன மருந்தைவிடக் கம்மியா இருக்கே' என்று நீங்கள் கூட்டிவிடாதீர்கள்.

இந்த மருந்துகளால் வரும் மலச்சிக்கலுக்கோ உடல் பெரிதாகப் பழகவே பழகாது. தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் ஆரம்பத்திலேயே மலமிளக்கி கேட்டு வாங்குங்கள்.

மதுவும் தூக்க மாத்திரையும் இவற்றோடு சேரவே கூடாது. எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், என்ன மருந்து எடுத்தார் என்பதையும் சொல்லுங்கள். நலாக்சோன் என்ற முறிமருந்து இருக்கிறது, நேரத்தோடு கொடுத்தால் மூச்சு திரும்பும்.