வளைந்த பிரேக் லீவரை நிமிர்த்தாதீர்கள்

மலைப்பாதையில் சைக்கிளோடு விழுந்து எழுந்ததும் பலர் முதலில் செய்வது, வளைந்துபோன பிரேக் லீவரைக் கையால் இழுத்து நேராக்குவதுதான். இதைவிடப் பெரிய தவறு கிடையாது. ஆயிலால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கின் லீவர் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. வளைந்த இடம் அப்போதே இறுகி, நெகிழ்வை இழந்துவிடும். அதைத் திருப்பி வளைத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். கையில் அங்கேயே ஒடிந்துவிட்டால் நல்லது. ஒடியாமல் தாக்குப்பிடித்து, அடுத்த செங்குத்து இறக்கத்தில் இறுக்கிப் பிடிக்கும்போது ஒடிந்தால்தான் ஆபத்து. விரிசல் இல்லை, விரல் எட்டுகிறது, லீவர் ஹேண்டில்பாரில் முட்டவில்லை என்றால், வளைந்தபடியே மெதுவாக வீடு வந்து சேர்ந்து புது பிளேடு (விரலால் இழுக்கும் பகுதி) மாற்றுங்கள். நுனி உருண்டை உடைந்து கூர்முனை நின்றால் மட்டும் அதோடு ஓட்டவே கூடாது. மறுபடி விழும்போது லீவர் உடம்பில் குத்தாமல் காப்பதற்குத்தான் அந்த உருண்டை.

பிளேடைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதும் தவறு. அடி பின்னால் இருக்கும் பிவட் பின் (பிளேடு சுழலும் அச்சு), சிலிண்டர் (ஆயிலைத் தள்ளும் குழல்), கிளாம்ப் (ஹேண்டில்பாரைக் கவ்வும் வளையம்) வரை போயிருக்கலாம். மண்ணைத் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, பிவட் பின் செல்லும் ஓட்டையைச் சுற்றியும் கிளாம்ப் சிலிண்டரோடு சேரும் மூலையிலும் பாருங்கள். முடி போன்ற கோடு தெரிந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் மாட்டினால் விரிசல். சிலிண்டரில் விரிசல் என்றால் பசை, ஒட்டு எதுவும் உதவாது, லீவர் முழுவதையும் மாற்ற வேண்டும். லீவரைப் பிடித்து விட்டால் சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் பிவட் பின் வளைந்திருக்கலாம். அப்போது சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காமல், பிரேக் பேட் சக்கரத்தின் ரோட்டர் தட்டில் உரசிக்கொண்டே இருக்கும்.

கசிவைக் கண்டுபிடிக்க, ஹோஸ் (ஆயில் செல்லும் குழாய்) லீவருக்குள் நுழையும் இடத்தில் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி, லீவரை 30 விநாடி இறுக்கிப் பிடியுங்கள். லீவர் மெல்ல உள்ளே இறங்கினாலோ காகிதத்தில் ஈரம் தெரிந்தாலோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஹேண்டில்பார் சுழன்று ஹோஸை இழுத்திருந்தால் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். மடங்கிய ஹோஸை வெட்டி மறுபடி பொருத்தும்போது பழைய ஆலிவையும் (இணைப்பை அடைக்கும் சிறு உலோக வளையம்) இன்சர்ட்டையும் (ஹோஸ் நுனிக்குள் செருகும் சிறு குழல்) திரும்பப் போடுவது பலர் செய்யும் சிக்கனம். ஆலிவ் ஒருமுறை நசுங்கித்தான் அடைப்பைத் தருகிறது, இரண்டாம் முறை அது கசியும்.

லீவர் பஞ்சு போல அமுங்குகிறதா? உடனே ஆயில் மாற்றக் கிளம்ப வேண்டாம். சைக்கிள் தலைகீழாகக் கிடந்திருந்தால் லீவரில் உள்ள ஆயில் தொட்டியின் காற்று சிலிண்டருக்குள் போயிருக்கலாம். நேராக நிறுத்தி 20 முறை மெதுவாகப் பிடித்து விடுங்கள். இறுகிவிட்டால் நல்லது, இல்லையென்றால் பிளீட் செய்ய (ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்ற) வேண்டும். சக்கரம் கழற்றியிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள், காலிப்பரில் (பேட்களை ரோட்டரில் அழுத்தும் பகுதி) உள்ள பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும்.

ஆயில் விஷயத்தில் அரைகுறை நினைவை நம்பக் கூடாது. ஷிமானோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்ராமில் நெடுங்காலம் டாட் (DOT) எனும் வேறு வகை பிரேக் திரவம், இப்போது சில மாடல்களில் மினரல் ஆயில். அதனால் லீவரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே ஊற்றுங்கள். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பி லீவர் சிக்கிக்கொள்ளும். பேட்டில் ஆயில் பட்டிருந்தால் அடுப்பில் காட்டிச் சரிசெய்ய முயலாமல் புதிதாக வாங்குங்கள்.

புது லீவரைப் பொருத்தும்போது 'இனி அசையவே கூடாது' என்று கிளாம்பை முறுக்குவார்கள். அடுத்த விழுதலில் லீவர் ஒடிவதற்கு இதுவே காரணம். கிளாம்பில் அல்லது கையேட்டில் உள்ள முறுக்கு அளவைத் தாண்டாதீர்கள். பல மாடல்களில் அது 4 முதல் 6 நியூட்டன் மீட்டர். கார்பன் ஹேண்டில்பாரில் இன்னும் கவனம்: கிளாம்ப் இருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது லீவர் அசையக் கூடாது, ஆனால் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் கொஞ்சம் திரும்ப வேண்டும்.