கொத்துக்கறியோடு பயறு: கையைக் கடிக்கும் தவறுகள்

அரைக் கிலோ கொத்துக்கறியை நாலு பேருக்குப் பதில் ஆறேழு பேருக்கு இழுக்க வேண்டுமென்றால் பயறைவிட நல்ல வழி கிடையாது. விலை குறைவு, வயிறு நிறையும், 100 கிராம் வெந்த பயறில் 8, 9 கிராம் புரதமும் இருக்கிறது. கறியோடு சேர்த்துச் சாப்பிட்டால் பயறிலுள்ள இரும்புச்சத்தும் உடம்பில் கூடுதலாக ஒட்டும்.

சமையல் கற்றுக்கொள்ள வருபவர்கள் இந்த வழியில் எங்கே சறுக்குகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். ஒரு காலத்தில் நான் சறுக்கிய அதே இடங்கள்தான். கல் பொறுக்காதது, அடுப்பில் வைத்துவிட்டு மறந்தது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்திவிடும். கீழே உள்ளவை பட்டாலும் திருந்தாதவை, ஏனென்றால் தப்பு எங்கே நடந்தது என்றே பலருக்குத் தெரிவதில்லை.

உலர்ந்த பயறை அளந்து கறியோடு கணக்குப் பார்ப்பது

"அரைக் கிலோ கறிக்குக் கால் கிலோ பயறு, பாதிக்குப் பாதிகூட இல்லையே" என்று ஊறப்போடுவார்கள். அந்தக் கால் கிலோ வெந்து வரும்போது அரைக் கிலோவைத் தாண்டியிருக்கும். கறியோ எதிர்ப்பக்கம் போகும். நீரும் கொழுப்பும் இறங்கி, அரைக் கிலோ கொத்துக்கறி வெந்தபின் முக்கால்வாசிதான் மிஞ்சும். ஒன்று பெருக்கிறது, இன்னொன்று சுருங்குகிறது. கடைசியில் தட்டில் வருவது பயறுக் குழம்பு, அதில் கறி வாசனை.

அரைக் கிலோ கறிக்கு 100 கிராம் உலர்ந்த பயறு போதும். வெந்தால் 200 முதல் 250 கிராம் வரை வரும். கறி கறியாகவே தெரியும், பாத்திரமும் நிறையும். பழகிய பிறகு 150 கிராம் வரை போகலாம்.

"மீதி குழம்பிலேயே வெந்துடும்"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இதனால் வீணாகும் எரிவாயு, நேரம், கறி, பசியோடு காத்திருப்பவர்களின் பொறுமை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், பயறு சேர்த்து மிச்சம் பிடித்தது மொத்தமும் அதிலேயே போய்விடும்.

என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண், வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்காகக் கோழிக் கொத்துக்கறியில் கொண்டைக்கடலை சேர்த்துச் செய்தாள். கடலையை இரவே ஊறவைத்திருந்தாள். குக்கரில் முக்கால் பதம் வெந்ததும் இறக்கிவிட்டாள். கடலை குழைந்துவிடக் கூடாது, மீதி குழம்பில் வெந்தால் மசாலாவும் உள்ளே ஏறும் என்பது அவள் கணக்கு. குழம்பில் தக்காளி தாராளம், கடைசியில் கொஞ்சம் புளியும் விட்டிருந்தாள்.

கடலையைப் போட்டு இருபது நிமிடம் கொதித்தது. நசுக்கிப் பார்த்தால் நடுவில் நறுக்கென்றது. இன்னும் இருபது நிமிடம். அப்படியே. தண்ணீர் சுண்டியது, ஊற்றினாள். திரும்பச் சுண்டியது. அப்போதுதான் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, ஒரு மணி நேரமாக் கொதிக்குது, கடலை அப்படியேதான் இருக்கு. பழைய கடலையை ஏமாத்திக் கொடுத்துட்டாங்க போல."

"புளி விட்டியா?"

"விட்டேன். அதுக்கும் இதுக்கும் என்னக்கா?"

அதுக்கும் இதுக்கும்தான் எல்லாம். பயறின் உயிரணுச் சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். வெறும் தண்ணீரில் வேகும்போது அது கரைந்து சுவர் தளரும். அதைத்தான் நாம் 'வெந்துவிட்டது' என்கிறோம். புளிப்பு சேர்ந்தால் பெக்டின் எளிதில் கரையாது. தக்காளி, புளி, தயிர், வினிகர், எலுமிச்சை எல்லாமே இந்த வேலையைச் செய்யும். முக்கால் பதத்தில் புளிக் குழம்புக்குள் போன கடலை, மீதிக் கால் பதத்தை எட்டவே பாடாய்ப் படும். அதுவரை அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும்.

இதில் கறியின் கதி தனி. கொழுப்புள்ள ஆட்டுக் கொத்துக்கறியாக இருந்தால் நீண்ட கொதியைத் தாங்கும், இன்னும் மெத்தென்றுகூட ஆகும். கோழிக் கொத்துக்கறி தாங்காது. உள்ளே இருந்த ஈரம் முழுக்க வெளியேறி, நாக்கில் நறநறவென்று துகளாக நிற்கும். அந்தப் பெண் கடைசியில் குழம்பு மொத்தத்தையும் குக்கரில் கொட்டி விசில் விட்டாள். கெட்டிக் குழம்பு அடி பிடித்தது. கடலை ஒருவழியாக வெந்தது, ஆனால் தீய்ந்த வாசனையை எந்த மசாலாவாலும் மறைக்க முடியவில்லை. விருந்தாளிகள் வெளியில் வாங்கிய சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். எதை மிச்சம் பிடிக்க இதை ஆரம்பித்தாள்!

என்னை உண்மையில் எரிச்சல்படுத்துவது இந்தத் தவறு மட்டும் அல்ல, "முக்கால் பதம் வேகவைத்துக் குழம்பில் சேர்க்கவும்" என்று கூசாமல் எழுதிவைக்கும் சமையல் குறிப்புகள். புளிப்பே இல்லாத குழம்பாக இருந்தால் பாதகமில்லை. ஆனால் அந்தக் குறிப்பிலேயே இரண்டு வரி தள்ளி நாலு தக்காளி இருக்கும்.

பயறு முழுதாக வெந்திருக்கிறதா என்று பார்க்க ஒன்றை எடுத்து நசுக்கினால் போதாது. அடியிலிருந்து, நடுவிலிருந்து, ஓரத்திலிருந்து என்று அஞ்சாறு எடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அழுத்தினால் தோலோடு சேர்ந்து மசிய வேண்டும். பிளந்து பார்த்தால் நடுவில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது. ஒன்றில் இருந்தாலும் அடுப்பை அணைக்காதீர்கள். மசாலா உள்ளே ஏறுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். நன்றாக வெந்த பயறுதான் குழம்பை உறிஞ்சும், கடைசிப் பத்து நிமிடக் கொதியே அதற்குப் போதும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிற்காமல், கண் கரண்டியால் கடலையை மட்டும் அள்ளுங்கள். அலசி, புதுத் தண்ணீரில், சிட்டிகை சோடா உப்போடு தனியாக வேகவையுங்கள். கறியை அதற்குள் அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள்.

பழைய கடலை என்ற சந்தேகமும் முழுப்பொய் அல்ல. சூடும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பயறு வேகச் சிரமப்படும். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடினத் தண்ணீரும் அப்படித்தான். ஆனால் அது வெறும் தண்ணீரில் வேகும்போதே தெரிந்துவிடும். குழம்புக்குள் போனபிறகு தெரிந்தால், பழியைக் கடலை மேல் போட முடியாது.

உப்புப் போட்டால் வேகாது என்று நம்புவது

வேகும். ஊறவைக்கும் தண்ணீரிலேயே போடலாம், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. உப்பிலுள்ள சோடியம், தோலிலுள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தோல் இளகும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயுத் தொல்லையும் ஓரளவு குறையும். உப்பில்லாமல் வெந்த பயறைக் கறியோடு கலந்துவிட்டு, "என்னமோ குறையுது" என்று மிளகாய்த்தூளை அள்ளிப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைவது காரம் அல்ல, பயறுக்குள் உப்பு.

கறியையும் பயறையும் ஒன்றாகக் கொட்டுவது

கறி சிவப்பதற்குச் சட்டியின் சூடு 140 பாகை செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். சட்டியில் தண்ணீர் நிற்கும்வரை 100 பாகையைத் தாண்டாது. ஈரப் பயறைக் கறியோடு கொட்டிய நொடியில் வறுவல் நின்று அவியல் தொடங்கிவிடும். சாம்பல் நிறத்தில், வெந்நீர் வாசனையோடு ஒரு கறி கிடைக்கும்.

பயறு கலப்பதாக இருந்தால் கறி வழக்கத்தைவிட நன்றாகவே சிவக்க வேண்டும். குறைந்த கறி அதிகப் பேருக்குச் சுவை கொடுக்கப்போகிறது அல்லவா? அகலமான சட்டியை நன்றாகக் காயவைத்துக் கறியைப் பரப்புங்கள். உடனே கிளறாதீர்கள். முதலில் தண்ணீர் விட்டுச் சளசளக்கும், பிறகு தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிந்து, சத்தம் மாறிச் சடசடக்கும். அந்தச் சத்தத்துக்குப் பிறகும் ரெண்டு மூன்று நிமிடம் விட்டு, அடியில் ஒட்டிய பழுப்பைச் சுரண்டிக் கலந்தபின்தான் வெங்காயம். இதெல்லாம் முடிந்தபிறகுதான் பயறு. அதுவும் வடிதட்டில் பத்து நிமிடம் கிடந்து நீர் வடிந்து வர வேண்டும். வடித்த நீரைக் கீழே ஊற்ற வேண்டாம், குழம்பு கெட்டியானால் இளக்க அதுதான் கைகொடுக்கும்.

கொழுப்பை வடித்துவிடுவது

பயறில் கொழுப்பு மிகச் சொற்பம். கொழுப்பே இல்லாத கறியாகப் பார்த்து வாங்கி, அதில் பிரிந்த கொஞ்சத்தையும் வடித்துக் கொட்டிவிட்டுப் பயறைச் சேர்த்தால் வறட்டுத்தனமாகத்தான் இருக்கும். கறியின் சுவையைப் பயறு வரைக்கும் கொண்டுபோவதே அந்தக் கொழுப்புதான். ரொம்பவும் மிதந்தால் ரெண்டு கரண்டி எடுத்துவிடுங்கள், மீதி இருக்கட்டும்.

ராஜ்மாவை அரைவேக்காட்டில் விடுவது

இதில் விளையாட்டு வேண்டாம். பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் உண்டு. வேகாத நாலைந்து கொட்டையே சில மணி நேரத்துக்குள் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவந்துவிடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மசியும்வரை வேகவையுங்கள். ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போடவே கூடாது. கொதிநிலைக்குப் போகாத வெதுவெதுப்பில் அந்த நச்சு அழியாது, கூடவும் செய்யலாம். டப்பா ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

டப்பாத் தண்ணீரை அப்படியே ஊற்றுவது

வேண்டாம். வடித்து அலசுங்கள், உப்பு குறையும்.

கையில் கிடைத்த பயறைப் போடுவது

உதிரியாக வறுக்கும் கறிக்குத் தோலோடு இருக்கும் முழு மைசூர் பருப்புதான் (மசூர்) முதல் தேர்வு. நிறமும் உருவமும் கொத்துக்கறியோடு ஒத்துப்போகும், ஊறவைக்காமலே அரை மணி நேரத்துக்குள் வெந்துவிடும். தோல் நீக்கி உடைத்த மைசூர் பருப்பு உருவம் தெரியாமல் கரையும். குழம்பைக் கெட்டியாக்க அது நல்லது, வறுவலில் போட்டால் கூழாகும். கொண்டைக்கடலையை முழுசாகப் போடாமல் ஒன்றிரண்டாக நசுக்கிப் போட்டால் கறியோடு கலக்கும். பிடிக்காதவர்கள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கவும் முடியாது.

உருண்டைக்கும் அதே கணக்கைப் போடுவது

குழம்பில் எவ்வளவு பயறு வேண்டுமானாலும் தாங்கும். உருண்டையோ கட்லெட்டோ தாங்காது. கறி தன் புரதத்தால் ஒட்டிக்கொள்கிறது, பயறு அந்தப் பிடிப்பைத் தளர்த்தும். வெந்த பயறு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் திருப்பும்போதே உடையும். பயறை மசித்து, வெறும் சட்டியில் ரெண்டு நிமிடம் புரட்டி ஈரத்தைப் போக்குங்கள். நன்றாக ஆறியபிறகே கறியோடு பிசையுங்கள். பிடித்த உருண்டைகளை அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இறுகும். வெந்ததா என்று நிறத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள், பயறு கலந்தால் நிறம் ஏமாற்றும். வெப்பமானி இருந்தால் நடுவில் ஆட்டுக்கறிக்கும் மாட்டுக்கறிக்கும் 71 பாகை, கோழிக்கு 74.

முதல் நாளே பாதிக்குப் பாதி

வீட்டில் கலகம்தான். மேலே சொன்ன 100 கிராமில் தொடங்குங்கள்.

ஒவ்வொரு தடவையும் புதிதாக வேகவைப்பது

இருநூறு கிராம் பயறை அஞ்சு தடவை வேகவைப்பதைவிட, ஒரு கிலோவை ஒரே தடவையில் வேகவைத்தால் எரிபொருள் குறைவாகப் பிடிக்கும். பெரிய அளவில் வேகவைத்து, வடித்து, ஒரு வேளைக்கானதைத் தனித்தனிப் பையில் போட்டுத் தட்டையாக உறையவையுங்கள். தட்டையாக இருந்தால்தான் சீக்கிரம் உருகும். குளிர்பதனப் பெட்டியில் மட்டும் வைப்பதானால் மூன்று, நாலு நாளுக்குமேல் போகக் கூடாது. பச்சைக் கொத்துக்கறி அதில் ரெண்டு நாள்கூடத் தாங்குவது சிரமம்.

சமைத்து மீந்ததை ரெண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். மறுநாள் எடுத்தால் பயறு குழம்பை உறிஞ்சிக் கட்டியாக நிற்கும். பலரும் அதை அப்படியே சூடாக்கி அடி பிடிக்கவிடுகிறார்கள். முதலில் அரைக் குவளை வெந்நீர் விட்டு இளக்கி, நன்றாகக் கொதி வந்தபிறகு உப்பைச் சரிபாருங்கள். அநேகமாக ஒரு சிட்டிகை தேவைப்படும்.