செல் இணைப்புகளை இரண்டு தாளில் அளவு மாறாமல் வரைவது எப்படி?

பிளஸ் ஒன் விலங்கியலில், உடலின் பரப்புகளை மூடும் எபிதீலியத் திசு பற்றிய பகுதி முடியும் இடத்தில் செல் இணைப்புகளைப் பற்றிச் சில வரிகள் வரும். இறுக்க இணைப்பு, ஒட்டு இணைப்பு, இடைவெளி இணைப்பு என்று மூன்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வேலை. காரைக்குடியில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் அதை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். மறுவாரம் கேட்டால் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். எது செல்லின் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் பெயரை மட்டும் படித்தால் யாருக்கும் குழம்பத்தான் செய்யும். ஒருமுறை அளவோடு வரைந்துவிட்டால் இடமும் வேலையும் சேர்ந்தே நினைவில் நிற்கும்.

தேவையானவை: ஏ4 தாள் இரண்டு, கூரிய பென்சில், ஸ்கேல், சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் கலர் பென்சில்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

படி 1: முதல் தாளில் இரண்டு செல்கள்

சிறுகுடலின் உட்பரப்பில் உணவை உறிஞ்சும் செல்லை எடுத்துக்கொள்வோம். உயரம் ஏறத்தாழ 25 மைக்ரோமீட்டர், அகலம் 8 மைக்ரோமீட்டர். தாளில் 1 மைக்ரோமீட்டருக்கு 1 செ.மீ. என்று வைத்தால் 10,000 மடங்கு பெரிதாக்கியதாகும். 25 செ.மீ. உயரம், 8 செ.மீ. அகலத்தில் இரண்டு கட்டங்களை ஒட்டி ஒட்டி வரையுங்கள். தாளைக் கிட்டத்தட்ட முழுதாக அடைத்துக்கொள்ளும், பரவாயில்லை.

மேல் விளிம்பில் 1 செ.மீ. உயரத்துக்கு நெருக்கமாகச் சின்னச் சின்ன விரல்கள் போடுங்கள். அவை நுண்விரல்கள். அந்தப் பக்கம்தான் உணவு இருக்கும் குடற்குழி. கீழ் விளிம்புக்கு அடியில் ஒரு தடித்த மஞ்சள் கோடு. அது அடிப்படலம். அதற்கும் கீழே ஓர் இரத்த நுண்நாளம்.

இந்தச் செல்லுக்கு மேலும் கீழும் ஒன்றல்ல. நம்ம ஊர் நகரத்தார் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், வந்த சரக்கு வளவைக் கடந்துதான் பின்கட்டுக்குப் போக வேண்டும். குடல் செல்லிலும் உணவு மேலே நுழைந்து, செல்லைக் கடந்து, கீழே இரத்தத்துக்கு வெளியேறுகிறது. இந்த ஒருவழிப் போக்கை மனதில் வைத்தால் இனி வரும் எல்லாம் எளிது.

இப்போது இரண்டு செல்லுக்கும் நடுவிலுள்ள கோட்டைப் பாருங்கள். நிஜத்தில் அங்கே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. நம் அளவில் அது 0.2 மி.மீ. பென்சில் கோடே அதைவிடத் தடிமன்! சாதாரண ஒளி நுண்ணோக்கியால் ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் வெகுகாலம் செல்களின் மேல் ஓரத்தில் ஒரு கருத்த பட்டை தெரிந்ததே தவிர, அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. 1963இல் மேரிலின் ஃபார்குவரும் ஜார்ஜ் பலாடியும் எலி, கினிப்பன்றி ஆகியவற்றின் திசுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, அந்தப் பட்டைக்குள் மூன்று இணைப்புகள் (இறுக்க இணைப்பு, ஒட்டுப் பட்டை, டெஸ்மோசோம்) மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் இருப்பதைக் காட்டினார்கள். பலாடி 1974இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். நாம் முதலில் வரையப்போவது அந்த வரிசையைத்தான், இடைவெளி இணைப்பு அதற்குப் பிறகு வரும்.

படி 2: இரண்டாம் தாளில் நடுக்கோட்டைப் பெரிதாக்குதல்

இந்தத் தாளில் 10 நானோமீட்டருக்கு 1 மி.மீ. அதாவது 1,00,000 மடங்கு. தாளின் நடுவே மேலிருந்து கீழாக 2 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள். செல் சவ்வின் தடிமன் 7 அல்லது 8 நானோமீட்டர் என்பதால், மொட்டையான பென்சிலால் இழுத்த முக்கால் மில்லிமீட்டர் கோடு சவ்வுக்கு மிகச் சரியாகப் பொருந்தும். முழுக் கோட்டையும் இப்போதே இழுத்துவிடாதீர்கள். இணைப்பு வரும் இடங்களில் கோடு வளைய வேண்டும். மேலே இரண்டு செ.மீ. விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 3: இறுக்க இணைப்பு

வரிசையில் முதலாவது இதுதான். மூன்று செ.மீ. நீளத்துக்குள் நான்கைந்து இடங்களில் இரண்டு கோடுகளையும் தொடவிடுங்கள். தொடும் இடங்களில் இடைவெளி பூஜ்ஜியம். அங்கெல்லாம் பச்சைப் புள்ளி வையுங்கள். கிளாடின், ஆக்லுடின் என்ற புரதங்கள் அவை. ஜப்பானில் ஷோய்ச்சிரோ சுகிதாவின் குழு ஆக்லுடினை 1993இலும் கிளாடினை 1998இலும் கண்டறிந்தது. படத்தில் புள்ளியாகத் தெரிந்தாலும் நிஜத்தில் இவை செல்லைச் சுற்றி ஓடும் இழைகள்.

பாடநூல் சொல்லும் வேலை, கசிவைத் தடுப்பது. அதோடு இன்னொரு வேலையும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டால் அதிலுள்ள அரிசி மாவு குளுக்கோஸாக உடைகிறது. அதைச் சோடியத்தோடு சேர்த்துச் செல்லுக்குள் இழுக்கும் எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம் மேல் சவ்வில் மட்டும் இருக்கிறது. வெளியே இரத்தத்தின் பக்கம் விடும் குளூட்2, முக்கியமாகப் பக்கச் சவ்விலும் அடிச் சவ்விலும் இருக்கிறது. சவ்வுக்குள் புரதங்கள் மிதந்து நகரக்கூடியவை. இரண்டும் கலந்துபோனால் உள்ளே வந்த குளுக்கோஸ் மீண்டும் குடற்குழிக்கே போய்விடலாம். அப்படிக் கலக்காமல் அந்தந்தப் புரதத்தை அந்தந்தப் பக்கத்தில் நிறுத்தி வைப்பதில் இறுக்க இணைப்புக்குப் பங்கு உண்டு. முதல் தாளுக்குத் திரும்பி, மேலே ‘எஸ்ஜிஎல்டி1’ என்றும் கீழே ‘குளூட்2’ என்றும் எழுதி, நடுவே ஓர் அம்பு போடுங்கள்.

“அப்ப ரெண்டு செல்லுக்கு நடுவுல எதுவுமே போகாதா மிஸ்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. போகும். கிளாடினில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கிளாடின்-2 போன்ற சில, சோடியமும் நீரும் செல்லும் சிறு வழியை அமைக்கின்றன. சிறுகுடலில் இந்த இணைப்பு கொஞ்சம் தளர்வு, சிறுநீர்ப்பையில் மிகமிக இறுக்கம். காலராவில் நச்சு செல்லுக்குள் சமிக்ஞையைத் தூண்டிக் குளோரைடைக் குடற்குழிக்குள் கொட்ட வைக்கிறது. சோடியம் செல்களுக்கு இடையிலான வழியாகப் பின்தொடர்கிறது, நீரும் போய்விடுகிறது. ஓஆர்எஸ் கரைசலில் உப்போடு சர்க்கரையும் சேர்ப்பதற்குக் காரணம் எஸ்ஜிஎல்டி1 அப்போதும் வேலை செய்துகொண்டிருப்பதே.

படி 4: ஒட்டுப் பட்டை

பாடநூல் சொல்லும் ஒட்டு இணைப்பில் இந்தப் பட்டையும் அடுத்த படியில் வரும் டெஸ்மோசோமும் அடங்கும். அடுத்த மூன்று செ.மீ. கோடுகளைப் பழையபடி 2 மி.மீ. விலக்குங்கள். இரு சவ்விலிருந்தும் நடுவே நீட்டி ஒன்றையொன்று பற்றும் குச்சிகள் வரையுங்கள். இவை கேதரின்கள், ஜப்பானின் மசாதோஷி தாகேய்ச்சி கண்டறிந்தவை. செல்லின் உட்பக்கத்தில் கேதரினின் வால் கேட்டனின் புரதங்கள் வழியாக ஆக்டின் என்ற புரத இழைகளோடு இணைகிறது. ஆக்டினுக்குச் சிவப்பு.

கேதரின் பற்றிக்கொள்ளக் கால்சியம் வேண்டும். ஆய்வகத்தில் தட்டில் வளரும் செல்களைப் பிரிக்கும் கரைசலில் டிரிப்சினோடு ஈடிடிஏ சேர்ப்பது இதனால்தான். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கேதரின் பிடி விடும். ஆக்டின் பட்டை சுருங்கினால் செல்லின் மேல்பகுதி குறுகும். அடுத்தடுத்த செல்கள் சேர்ந்து குறுகும்போது தட்டையான செல் படலம் குழாயாகச் சுருளும். கருவில் நரம்புக்குழாய் உருவாவதில் இதற்குப் பங்கு உண்டு.

படி 5: டெஸ்மோசோம்

முந்தைய இரண்டும் செல்லைச் சுற்றிய பட்டைகள். இது தனித்தனிப் புள்ளி. ஒரு செ.மீ. இடம் விட்டு, இரு சவ்வின் உட்பக்கமும் மூன்று செ.மீ. நீளத்தில் தடித்த நீலத் தகடு போடுங்கள். தகட்டிலிருந்து செல்லுக்குள் 1 மி.மீ. தடிமனில் நீல இழைகள் வளைந்து செல்லட்டும். அது கெரட்டின் என்ற புரதம். நடுவே பற்றிக்கொள்பவை டெஸ்மோகிளீன், டெஸ்மோகாலின். இரண்டும் கேதரின் குடும்பமே.

தோலிலும் இதயத்திலும் இவை ஏராளம், ஏனென்றால் அங்கேதான் இழுவிசை அதிகம். பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்ற நோயில் உடலின் சொந்த எதிர்ப்பொருளே டெஸ்மோகிளீனைத் தாக்குகிறது. தோல் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, எளிதில் உடையும் தளர்ந்த கொப்புளங்கள் வருகின்றன.

படி 6: இடைவெளி இணைப்பு

அடுத்து, கோடுகளை மிக நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். ஆனால் தொடக்கூடாது. பிள்ளைகள் இறுக்க இணைப்போடு குழப்பிக்கொள்வது இங்கேதான். இடைவெளி 2 முதல் 4 நானோமீட்டர், நம் தாளில் கால் மில்லிமீட்டர் அளவு. இரு சவ்வையும் ஊடுருவும் சிறு குழாய்களை வரிசையாகப் போடுங்கள். ஆறு கனெக்சின் புரதங்கள் சேர்ந்து ஒரு கனெக்சான். ஒரு செல்லின் கனெக்சான் எதிர்ச் செல்லின் கனெக்சானோடு பொருந்தினால் ஒரு முழு வழி.

அதன் துளை சுமார் 1.5 நானோமீட்டர். ஏறக்குறைய 1000 டால்டனுக்கு (மூலக்கூறின் நிறையை அளக்கும் அலகு) குறைந்த மூலக்கூறு கடக்கும். குளுக்கோஸ் 180, போகும். ஏடிபி சுமார் 507, அதுவும் போகும். ஹீமோகுளோபின் 64,000க்கு மேல், வாய்ப்பே இல்லை. என்சிஇஆர்டியின் பழைய பதிப்பில் சில சமயம் பெரிய மூலக்கூறுகளும் கடக்கும் என்று ஒரு வரி இருந்தது. நீட் எழுதுபவர்கள் அந்த வரியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் மட்டும் புரதத்தைக் குழாய்க்குள் தள்ளிவிடாதீர்கள்.

செல்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வழி இது. இதயத் தசையில் அயனிகள் இதன் வழியே செல்லுக்குச் செல் பாய்வதால்தான் அத்தனை செல்லும் சேர்ந்து துடிக்கின்றன. ஒரு செல் காயப்பட்டால் அதற்குள் கால்சியம் பெருகும், உடனே வழிகள் மூடிக்கொள்ளும், பக்கத்துச் செல்லுக்குச் சேதம் பரவாது. கனெக்சின் 26க்கான ஜிஜேபி2 மரபணுவில் பிழை இருந்தால் பிறவியிலேயே காது கேளாமை வரலாம். மரபுவழிக் காது கேளாமைக்கு முதன்மையான காரணங்களில் இது ஒன்று.

படி 7: செல்லின் அடிப்பகுதி

மறுபடி முதல் தாள். இங்கே பக்கத்தில் செல் கிடையாது, அடிப்படலம்தான் இருக்கிறது. அதனால் பற்றும் புரதமும் வேறு: இன்டெக்ரின். கீழ்ச் சவ்வில் சில இடங்களில் அரைத் தகடு போட்டு மேலே நீலக் கெரட்டின் இழைகளை இணைத்தால் ஹெமிடெஸ்மோசோம். சில இடங்களில் சிவப்பு ஆக்டினை இணையுங்கள். தட்டில் வளர்க்கும் செல்களில் குவியப் பற்றிடமாக நன்றாகத் தெரிவது அந்த வகை.

புல்லஸ் பெம்ஃபிகாய்ட் நோயில் ஹெமிடெஸ்மோசோம் தாக்கப்படுகிறது. மேல்தோல் மொத்தமாக அடியிலிருந்து பெயர்வதால் கொப்புளம் இறுக்கமாக, எளிதில் உடையாமல் நிற்கும். படி 5இல் சொன்ன தளர்ந்த கொப்புளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எந்தக் கோட்டில் பிரிகிறது என்று உங்கள் படமே காட்டும்.

இன்டெக்ரின் வெறும் பிடிமானம் மட்டும் கொடுப்பதில்லை. வெளியே எதைப் பற்றியிருக்கிறோம் என்ற செய்தி அதன் வழியே உள்ளே போகிறது, உள்ளிருந்து வரும் கட்டளையால் பிடி இறுகவோ தளரவோ செய்கிறது. ஆகவே இங்கே இருதலை அம்பு. அந்தச் செய்தி நின்றுபோனால், எபிதீலியச் செல் பெரும்பாலும் தானே செத்துவிடும். அதற்கு அனோய்கிஸ் என்று பெயர். பல புற்றுநோய்ச் செல்கள் இந்தக் கட்டுப்பாட்டை மீறித்தான் இடம்விட்டு இடம் பரவுகின்றன.

படி 8: தாளின் பின்பக்கம், தாவர செல்

தாவரத்தில் நடுவே செல் சுவர் இருப்பதால் சவ்வும் சவ்வும் இப்படிப் பற்றிக்கொள்ள முடியாது. சுவரைத் துளைத்துச் செல்லும் பிளாஸ்மோடெஸ்மாட்டா வழியாகச் சைட்டோபிளாசம் தொடர்கிறது. எட்வர்ட் டாங்கல் 1879இல் இதை விவரித்தார். இரண்டு கட்டங்கள், நடுவே தடித்த சுவர், சுவரைக் கடக்கும் நான்கு மெல்லிய குழாய்கள், ஒவ்வொரு குழாயின் நடுவிலும் எண்டோபிளாச வலையின் ஓர் இழை. இடைவெளி இணைப்புக்கு இணையான தாவர அமைப்பு எது என்று தேர்வில் கேட்டால் எழுத வேண்டியது இதைத்தான். வேறுபாடு கேட்டால் சவ்வு இரண்டு செல்லுக்கும் ஒரே தொடர்ச்சியாக ஓடுவதைக் குறிப்பிடுங்கள். விலங்கு செல்லில் சவ்வுகள் தனித்தனி, கனெக்சான் மட்டுமே பாலம்.